விரலில் ரத்தம் வர வேண்டாம், சாமி

"ஏனுங்க மாஸ்டர், பையனுக்கு விரல்ல இன்னும் ரத்தமே வரலீங்களே, ஒழுங்காப் பழகறானுங்களா?"

சேலத்தில் கிட்டார் சொல்லித்தரும் எனக்குக் கோடை வகுப்பு தொடங்கினால் இந்தக் கேள்வி தப்பாது. ராசிபுரத்திலிருந்தும் திருச்செங்கோட்டிலிருந்தும் பிள்ளையை பஸ்ஸில் கூட்டிவரும் அப்பாக்கள் அக்கறையோடுதான் கேட்கிறார்கள். யார் கிளப்பிவிட்டதோ! பிரையன் ஆடம்ஸின் 'சம்மர் ஆஃப் 69' பாட்டில் ரத்தம் வருகிறது, உண்மைதான். பாட்டில் வருவதெல்லாம் பாடத்திட்டமா?

முதல் கம்பி 12 கேஜ் என்றால் அதன் கனம் 0.3 மில்லிமீட்டர். அதை அழுத்தும் விரல்நுனி முதல் சில வாரம் வலிக்கத்தான் செய்யும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தம் பட்டால் மேல்தோல் தடித்துக் காய்ப்பு ஏறும். ஒரே மூச்சில் மூன்று மணி நேரம் தேய்த்தால் கொப்புளம் கிளம்பி, உரிந்து, ஏறிய காய்ப்பும் அதோடு போகும். புண் ஆறும்வரை கிட்டார் மூலையில் கிடக்கும். இதில் என்ன வீரம்?

அந்தச் சில வாரத்துக்கு மேலும் வலித்தால் பையனைத் திட்டாமல் கிட்டாரைப் பாருங்கள். கிட்டார் கழுத்தில் பதித்த உலோகக் கட்டைகளான ஃப்ரெட்டுகளில் 12ஆவதன் தலைக்கும் தடித்த ஆறாம் கம்பியின் அடிக்கும் இடையில் ஸ்கேல் வைத்தால் இரண்டரை மில்லிமீட்டர் பக்கம் காட்ட வேண்டும். என்னிடம் வரும் மலிவு கிட்டார்கள் நாலு காட்டுகின்றன. பயில்வானுக்கே நோகும். பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கும் சாடிலின் அடியைத் தேய்த்துக் கம்பியைத் தாழ்த்தலாம். 10 கேஜ் செட் போடலாம். ஃப்ரெட்டை ஒட்டி அழுத்தினால் குறைந்த பலமே போதும்.

நம் ஊர் சித்திரை வெயில் வேறு. மரம் காய்ந்து சுருங்கினால் ஃப்ரெட்டின் முனைகள் பக்கவாட்டில் துருத்திக்கொண்டு கையைக் கீறும். பூட்டிய காரிலும் சிமெண்ட் ஷீட்டுக்கு அடியிலும் கிட்டாரைப் போட்டுவிட்டு, ரத்தம் வந்துவிட்டதென்று பெருமைப்படுகிறார்கள்! அரம் வைத்து முனையைத் தேய்க்க வேண்டிய தச்சு வேலை அது.

மற்றவை சில்லறை. விரல் குட்டையா? 1928இல் தீயில் இடக்கையின் இரு விரல்கள் முடங்கிய ஜாங்கோ ரைன்ஹார்ட், மீதி இரண்டை வைத்தே சோலோ வாசித்தார். நைலான் கம்பியில் பழகினால் கை கெட்டுவிடுமா? கிளாசிக்கல் கிட்டாரே நைலான்தான். கமகம் வராதா? கிட்டாரில் கர்நாடக இசை வாசிக்கும் பிரசன்னாவைக் கேளுங்கள். முதல் வாரமே 'இளைய நிலா'வா? போய்ட்டு அடுத்த வருசம் வா, கண்ணு.

தினம் எட்டு மணி நேரம் பழக வேண்டும் என்று சிலர் சொல்லும் கணக்கு நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளின் ஸ்டடி நேரத்திலிருந்து வந்தது என்பது என் சந்தேகம். தொடக்கத்தில் தினம் இருபது நிமிடம், மெட்ரோனோமை 60இல் வைத்து ஜி கார்டிலிருந்து சி கார்டுக்கு மாறிப் பழகினால் போதும். விடுதிப் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. என்னிடம் வரும் சிலருடைய விடுதிகளில் ஆறு நாளும் கிட்டாரைப் பூட்டி வைத்து, ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் தருகிறார்களாம். கொப்புளம் வராமல் என்ன வரும்? அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கெமிஸ்ட்ரி மார்க்கோடு, ராத்திரி ஸ்டடிக்கு முன் இருபது நிமிடம் தருவீர்களா, கிட்டாரைப் பூட்டிய அறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்றும் கேளுங்கள்.