வீடு காலி பண்ணிய பிறகு வரும் பில்: கணக்கை எப்படித் தீர்ப்பது?



ஸ்கூடாய், செர்டாங், கம்பார், காஜாங் என்று எந்தப் பல்கலைக்கழக ஊருக்குப் போனாலும் நம் பிள்ளைகள் நாலு பேர், அஞ்சு பேராகச் சேர்ந்து வாடகை வீடு எடுத்துத் தங்குவது வழக்கமாகிவிட்டது. வீடு எடுக்கும்போது எல்லாரும் கூட்டாளி. சமையல் சேர்ந்து, பசியாறுவது சேர்ந்து, கோயிலுக்குப் போவதும் சேர்ந்து. ஆனால் படிப்பு முடிந்து வீட்டைக் காலி பண்ணிய இரண்டாவது மாதத்தில் பார்த்தால், அதே நாலு பேரில் இரண்டு பேர் பேசிக்கொள்வதில்லை. என்ன காரணம் என்று கேட்டால், பெரும்பாலும் முப்பது, நாற்பது வெள்ளி கரண்டு பில்தான்.

காசு சின்னதுதானே, விட்டுடலாமே என்று சிலர் சொல்லலாம். பிடிபிடிஎன் கடனில் படிக்கிற பிள்ளைக்கு நாற்பது வெள்ளி என்பது நாலைந்து நாள் சாப்பாடு. அதோடு, "என்னை ஏமாத்திட்டான்" என்ற எண்ணம் மனத்தில் விழுந்தால் அது நாற்பது வெள்ளியோடு நிற்காது. நாம் படித்திருக்கும் இயமங்களில் அஸ்தேயம் ஒன்று. பிறர் பொருளை எடுக்காமல் இருப்பது மட்டும் அல்ல, பிறருக்குச் சேர வேண்டியதை நம் கையில் வைத்துக்கொள்ளாமல் இருப்பதும் அதில் அடங்கும். ஆனால் எவ்வளவு சேர வேண்டும் என்று தெரிந்தால்தானே கொடுக்க முடியும்? அதனால் இந்தப் பாடத்தில் கணக்கைப் பார்ப்போம்.

1. பில்களில் இரண்டு வகை

முதல் வகை, பயன்படுத்தினால் ஏறுவது. கரண்டும் தண்ணீரும் இதில் சேரும். ஆள் இருந்தால் ஏறும், இல்லாவிட்டால் குறையும்.

இரண்டாவது வகை, பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் வருவது. வீட்டு இணையம் இதற்கு நல்ல உதாரணம். பல இணையத் திட்டங்கள் 24 மாத ஒப்பந்தத்தோடு வருகின்றன. நடுவில் நிறுத்தினால் தண்டம் கட்ட வேண்டும். வீடுகளுக்கான கழிவுநீர்க் கட்டணமும் மாதா மாதம் ஒரே தொகைதான். அது வீட்டு ஓனர் பொறுப்பா, நம் பொறுப்பா என்பதை வாடகை ஒப்பந்தத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

சண்டை பாதி இங்கேதான் தொடங்குகிறது. "நான் 6ஆம் தேதியே போயிட்டேன், இணையத்துக்கு ஏன் கட்டணும்?" என்று ஒருவர் கேட்பார். கரண்டுக்கு அந்தக் கேள்வி நியாயம். இணையத்துக்கு அப்படிச் சொல்ல முடியாது. 24 மாதம் என்று நாலு பேரும் சேர்ந்து ஒத்துக்கொண்டிருந்தால், ஒருவர் முன்னாடியே போவதால் மற்ற மூன்று பேருக்குச் செலவு கூடக்கூடாது. ஒன்று, அவர் தன் இடத்துக்கு ஆள் பார்த்துக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால், தன் பங்கைத் தொடர்ந்து கட்ட வேண்டும்.

ஆக, முதல் வகையை நாள் கணக்கில் பிரியுங்கள். இரண்டாவது வகையை ஒப்புக்கொண்டபடி பிரியுங்கள்.

2. எந்த நாளோடு கணக்கு முடிகிறது?

ஒருவர் வீட்டை விட்டுப் போவதில் மூன்று தேதிகள் இருக்கின்றன. சாமான் எடுத்த நாள், சாவி கொடுத்த நாள், ஒப்பந்தம் முடியும் நாள். வாடகைக்கு ஒப்பந்த நாளைப் பாருங்கள். கரண்டு, தண்ணீருக்குச் சாவி கொடுத்த நாளைப் பாருங்கள். சாவி கையில் இருக்கும் வரை அவர் எப்போது வேண்டுமானாலும் வந்து தங்கலாம் அல்லவா?

செமஸ்டர் லீவில் இரண்டு வாரம் ஊருக்குப் போனவர் கழித்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். அவருடைய சாமான் குளிர்பெட்டியில் இருக்கிறது, குளிர்பெட்டி அவருக்கும் சேர்த்துத்தான் ஓடுகிறது. தீபாவளிக்கு ஒருவர் ஒரு வாரம் போவார், பொங்கலுக்கு இன்னொருவர் மூன்று நாள் போவார். இதையெல்லாம் எழுதி வைத்துக் கழிக்க ஆரம்பித்தால் வீடு கணக்காளர் ஆபீஸ் ஆகிவிடும். லீவைக் கணக்கில் எடுப்பதில்லை என்று முதலிலேயே பேசி வைத்துவிடுங்கள்.

இன்னொரு விஷயம். கரண்டு பில் மாதம் 1ஆம் தேதி தொடங்கி 30ஆம் தேதி முடிவதில்லை. மீட்டர் படிக்கும் நாளிலிருந்து அடுத்த தடவை படிக்கும் நாள் வரைதான் ஒரு பில். ஆகவே ஜூன் மாதம் போனவருக்கு ஜூலையில் வரும் பில்லிலும் பங்கு இருக்கலாம். இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. சாவி கொடுக்கும் நாளில் கரண்டு மீட்டரையும் தண்ணீர் மீட்டரையும் கைப்பேசியில் படம் பிடித்து, வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள். எண், தேதி இரண்டும் பதிவாகிவிடும். மீட்டரைப் பார்க்க முடியாமல் மதிப்பீட்டில் பில் போட்டிருந்தாலும், அந்தப் படத்தைக் காட்டித் திருத்தச் சொல்லிக் கேட்கலாம்.

3. ஒரு பில்லைப் போட்டுப் பார்ப்போம்

ஒரு வீடு. பெரிய அறையில் ஒருவர், அங்கே ஏர்கோன் இருக்கிறது. நடு அறையில் இரண்டு பேர், காற்றாடி மட்டும். சின்ன அறையில் ஒருவர், அவருக்கும் காற்றாடிதான். கடைசி பில் 30 நாளுக்கு, 480 யூனிட், 158 வெள்ளி 40 சென். சின்ன அறைக்காரர் 6ஆம் நாளோடு சாவி கொடுத்துவிட்டார்.

முதலில் சராசரி. 158.40ஐ 480ஆல் வகுத்தால் ஒரு யூனிட் 33 சென்.

அடுத்து ஏர்கோன். ஒரு குதிரைசக்தி ஏர்கோன் ஏறக்குறைய 0.8 கிலோவாட் எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். அறை குளிர்ந்ததும் கம்ப்ரசர் நின்று நின்று ஓடும் என்பதால் முக்கால் பங்கு, அதாவது 0.6 கிலோவாட். இரவுக்கு 8 மணி நேரம், 30 இரவு. 0.6 × 8 × 30 = 144 யூனிட். காசாக 47.52 வெள்ளி. இது பெரிய அறைக்காரர் கணக்கு. இது துல்லியமான அளவு இல்லை, எல்லாரும் ஒத்துக்கொள்ளக்கூடிய மதிப்பீடு. துல்லியம் வேண்டுமென்றால் ஏர்கோனுக்குத் தனியாக ஒரு சின்ன மீட்டர் வைக்க வேண்டும்.

மீதி 336 யூனிட், 110.88 வெள்ளி. இதை ஆள்-நாள் கணக்கில் பிரிக்க வேண்டும். மூன்று பேர் 30 நாள், ஆக 90. ஒருவர் 6 நாள். மொத்தம் 96 ஆள்-நாள். 110.88ஐ 96ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 1 வெள்ளி 15.5 சென்.

சின்ன அறை: 6.93 வெள்ளி.
நடு அறை: ஆளுக்கு 34.65 வெள்ளி.
பெரிய அறை: 34.65 + 47.52 = 82.17 வெள்ளி.

கூட்டிப் பாருங்கள், 158.40 வரும். நாலால் வகுத்திருந்தால் ஆளுக்கு 39.60. ஆறு நாள் மட்டும் இருந்தவர் 39.60 கட்டுவதும், ஏர்கோன் போட்டுத் தூங்கியவர் அதே 39.60 கட்டுவதும் சரியா? "ஆளுக்குச் சமமா பிரிச்சோம்" என்று சொன்னால் நியாயம் மாதிரி காதில் விழும். கணக்கில் அது நியாயம் இல்லை.

பெரிய அறைக்காரர் கோபப்படலாம். அவருக்கு ஒன்று சொல்லுங்கள். 2025 ஜூலை 1 முதல் தீபகற்பத்தில் வந்த புதிய கட்டண முறையில், மாதம் 1,000 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் வீட்டுக்குச் சிக்கனக் கழிவு கிடைக்கிறது. வீட்டின் மொத்தப் பயன்பாடு ஏற ஏற, யூனிட்டுக்கான கழிவு குறைந்துகொண்டே போகும். 600 யூனிட்டைத் தாண்டினால் மாதம் 10 வெள்ளி சில்லறைக் கட்டணமும் சேரும். அந்த வீடு ஏர்கோன் இல்லாமல் 336 யூனிட்டோடு நின்றிருந்தால், மற்றவர்களின் சராசரி 33 சென்னை விடக் குறைந்திருக்கும். ஆக, மேலே போட்டது ஏர்கோன்காரருக்குக் கொஞ்சம் சாதகமான கணக்குதான்.

4. டிபாசிட்டில் நடக்கும் தவறு

பொதுவாக வாடகை டிபாசிட்டோடு தண்ணீர், கரண்டுக்கு என்று ஒரு டிபாசிட்டும் கட்டுவோம். அதே வீட்டில் இது 600 வெள்ளி, ஆளுக்கு 150 என்று வைத்துக்கொள்வோம். கடைசி தண்ணீர் பில் 24 வெள்ளி. 96 ஆள்-நாளில் பிரித்தால் நாளுக்கு 25 சென். சின்ன அறைக்கு 1.50, மற்ற மூவருக்கும் 7.50.

ஓனர் கரண்டு 158.40, தண்ணீர் 24, மொத்தம் 182.40 கழித்துக்கொண்டு 417.60 திருப்பிக் கொடுக்கிறார். உடனே யாராவது நாலால் வகுத்து ஆளுக்கு 104.40 அனுப்பிவிடுவார்கள். இது பெரிய தவறு. டிபாசிட் என்பது ஒரே பானை. ஓனர் யார் பங்கு எவ்வளவு என்று பார்க்க மாட்டார், மொத்தமாகக் கழிப்பார். உள்ளே பிரிப்பது நம் வேலை. ஒவ்வொருவரின் 150லிருந்து அவரவர் பங்கை மட்டும் கழிக்க வேண்டும்.

சின்ன அறை: 150 − 6.93 − 1.50 = 141.57
நடு அறை: 150 − 34.65 − 7.50 = 107.85 (ஆளுக்கு)
பெரிய அறை: 150 − 82.17 − 7.50 = 60.33

கூட்டினால் சரியாக 417.60. சமமாகப் பிரித்திருந்தால் சின்ன அறைக்காரருக்கு 37.17 வெள்ளி நஷ்டம். அவர் முதலில் போனவர், குழுவிலிருந்தும் விலகியிருப்பார், கேட்கவும் கூச்சப்படுவார். பெரும்பாலும் பாதிக்கப்படுவது இந்த மாதிரி ஆள்தான்.

5. யார் பெயரில் பில்?

கரண்டு கணக்கு உங்கள் பெயரில் இருந்தால், வீட்டைக் காலி பண்ணும்போது கணக்கை முடித்துவிடுங்கள், அல்லது அடுத்து வருபவர் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். அப்படியே விட்டுவிட்டால் அடுத்தவர் போடும் ஏர்கோனுக்கும் பில் உங்கள் பெயரில்தான் வரும். கணக்குத் திறக்கும்போது கட்டிய டிபாசிட், கடைசி பில் போக மீதி உங்களுக்குத் திரும்ப வரும். அதை நாலு பேரும் சேர்ந்து கட்டியிருந்தால், நாலு பேருக்கும் திருப்பிக் கொடுக்க வேண்டும். மறந்துவிட்டேன் என்று சொல்லக்கூடாது.

வாடகை ஒப்பந்தத்தில் நாலு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லாவிட்டால், கூட்டாக ஒத்துக்கொண்டவர்களில் யாரிடம் வேண்டுமானாலும் ஓனர் முழுத் தொகையையும் கேட்கலாம். முழுவதும் கட்டியவர் மற்றவர்களிடம் சமப் பங்கு கேட்டு வாங்கலாம். கவனியுங்கள், "சமப் பங்கு". நாம் மேலே போட்ட மாதிரி பிரிக்க வேண்டுமென்றால், வீட்டுக்குள் நமக்குள்ளேயே தனியாக எழுதி வைத்துக்கொள்வது நல்லது. அரைப் பக்கம் போதும். யாருக்கு ஏர்கோன், லீவு கழிக்கலாமா, சாவி கொடுக்கும் நாள், இணையம் யார் பொறுப்பு. எல்லாரும் கையெழுத்து, ஆளுக்கு ஒரு படம்.

ஓனர் காரணமில்லாமல் பெரிய டிபாசிட்டைப் பிடித்துக்கொண்டால், 5,000 வெள்ளி வரைக்கும் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமல் நாமே சிறு வழக்கு போடலாம். அதற்கு ஒப்பந்தம், ரசீது, மீட்டர் படம் எல்லாம் கையில் இருக்க வேண்டும். கூட்டாளி மேல் முப்பது வெள்ளிக்கு வழக்குப் போடச் சொல்லவில்லை. கூட்டாளியிடம் பேசித்தான் வாங்க வேண்டும்.

6. எப்படிக் கேட்பது?

குழுவில் எல்லார் முன்னாலும் "இன்னும் சிலர் கட்டல" என்று போடாதீர்கள். அது யார் என்று எல்லாருக்கும் தெரியும், மானம் போகும், பிறகு அவர் பதிலே போட மாட்டார். தனியாக அனுப்புங்கள். பில் படம், கணக்கு, தேதி மூன்றும் இருக்கட்டும். இப்படி:

"மச்சான், கடைசி கரண்டு பில் வந்துருச்சு, படம் அனுப்பியிருக்கேன். உன் பங்கு 34.65, தண்ணி 7.50, மொத்தம் 42.15. கணக்குல ஏதும் தப்பு இருந்தா சொல்லு, திருத்திடலாம். 25ஆம் தேதிக்குள்ள அனுப்ப முடியுமா? இப்ப கஷ்டம்னா ரெண்டு தடவையா குடு, பரவால்ல."

கேட்கப்படுகிறவருக்கும் ஒரு வார்த்தை. காசு இல்லை என்றால் "இல்லை, அடுத்த மாசம் தர்றேன்" என்று சொல்லிவிடுங்கள். படித்துவிட்டு நீல டிக்கோடு விட்டுவிடாதீர்கள். காசு தாமதமானால் கூட்டாளி பொறுத்துக்கொள்வார். பதிலே வராவிட்டால், தன்னை ஒதுக்கிவிட்டதாகத்தான் நினைப்பார். மூத்த அண்ணன், அக்காமார்களுக்கும் ஒன்று: வீட்டில் நீங்கள்தான் பெரியவர் என்றால் தம்பி, தங்கைகள் உங்களிடம் கணக்குக் கேட்கத் தயங்குவார்கள். கேட்கும் முன்பே நீங்கள் காட்டிவிடுங்கள்.

வட்டத்தில் கலந்துபேச

அ) மேலே சொன்ன வீட்டில் சின்ன அறைக்காரர் 6ஆம் நாளுக்குப் பதிலாக 15ஆம் நாள் சாவி கொடுத்திருந்தால், கரண்டில் ஒவ்வொருவர் பங்கும் எவ்வளவு? போட்டுப் பாருங்கள். (ஆள்-நாள் 105 வரும்.)

ஆ) ஒருவர் வாரா வாரம் தன் தோழரை வீட்டில் தங்க வைக்கிறார். தண்ணீர் பில்லில் இதை எப்படிக் கணக்கில் எடுப்பது? எப்போது பேசுவது?

இ) உங்கள் வீட்டில் அரைப் பக்க ஒப்பந்தம் இருக்கிறதா? இல்லையென்றால் இந்த வாரமே உட்கார்ந்து எழுதுங்கள். எல்லாரும் நல்லபடியாகப் பேசிக்கொண்டிருக்கும்போது எழுதுவதுதான் சுலபம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் வீட்டின் கடைசி கரண்டு பில்லைக் கொண்டு வாருங்கள். சேர்ந்து போட்டுப் பார்க்கலாம்.