காணாமற்போன இயங்குதளமும் மீட்கும் வழியும்

முன்னுரை

ஒரே கணிப்பொறியில் இரண்டு இயங்குதளங்கள் குடியிருத்தல் தமிழகத்திற்குப் புதிதன்று. 2011 செப்டம்பர் 15ஆம் நாள் திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கி வைக்கப்பெற்ற விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோசும் சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்சும் ஒரே பெட்டியில் இணைந்து வந்தன. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதி மாணவர் கைகளிலும் அவை தவழ்ந்தன. விண்டோஸ் 10 பதிப்பிற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிவுற்றதால், பழைய கணினி வைத்திருப்போர் லினக்சை உடன் நிறுவிக்கொள்ளும் தேவை மீண்டும் எழுந்துள்ளது.

இவ்வாறு இரண்டாவதை நிறுவியபின் முதலாவது கண்ணுக்குத் தெரியாமற் போவதுண்டு. 'எல்லாம் அழிந்துவிட்டது' என அஞ்சி, வன்தட்டு முழுவதையும் துடைத்துப் புதிதாக நிறுவுவோர் பலர். ஓராண்டு உழைத்துத் தட்டச்சு செய்த ஆய்வேடு உண்மையில் அழிவது அந்த நொடியில்தான்.

மறைவதன் காரணம்

பழைய முறைக் கணினிகளில் வன்தட்டின் முதற்கூறு 512 பைட் அளவினது. அதில் 446 பைட் துவக்க நிரலுக்கு உரியது. 64 பைட் நான்கு பகுப்புகளின் எல்லைகளைக் குறிக்கும் அட்டவணை. எஞ்சிய 2 பைட் முத்திரை. விண்டோசைப் பின்னர் நிறுவினால், அது லினக்சின் 'கிரப்' என்னும் துவக்க நிரலை நீக்கித் தன் நிரலை அங்கு எழுதிவிடும். பகுப்பட்டவணையும் லினக்சின் கோப்புகளும் இருந்த இடத்திலேயே இருக்கும். நூலகத்தில் பட்டியல் அட்டையை ஒருவர் எடுத்துவிட்டால், நூல் அலமாரியில் இருந்தும் கைக்கு எட்டாது போவதற்கு ஒப்பானது இது.

விண்டோஸ் 8 வெளிவந்த 2012ஆம் ஆண்டிற்குப் பின் யூ.இ.எஃப்.ஐ. முறை பரவியது. இம்முறையில் இரு இயங்குதளங்களின் துவக்கக் கோப்புகளும் தனியான ஒரு சிறு பகுப்பில் அருகருகே இருக்கும். ஆகவே பெரும்பாலும் வரிசைதான் மாறியிருக்கும்.

மீட்கும் முறை

முதலாவதாக, எதனையும் எழுதாமல் நிறுத்துக. லினக்சின் பகுப்பை விண்டோசால் படிக்க இயலாது. ஆதலின் 'இதனை ஃபார்மட் செய்யவா?' என அது கேட்கக்கூடும். 'வேண்டா' என்றே விடையிறுக்க வேண்டும்.

இரண்டாவதாக, கணினியைத் தொடங்கும்போது தோன்றும் துவக்கப் பட்டியலைப் பார்க்க. புதிய கணினியாயின் மறைந்ததன் பெயர் அங்கேயே இருக்கலாம். அதனை வரிசையில் முதலிடத்திற்கு உயர்த்தினால் போதும். விண்டோஸ் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருப்பின், அதன் மீட்புத் திறவுகோலை முன்னரே எழுதி வைத்துக்கொள்க. துவக்க அமைப்பை மாற்றியபின் அது கேட்கப்படலாம்.

மூன்றாவதாக, பட்டியலில் இல்லையெனில், லினக்ஸ் பதிந்த பென் டிரைவின் வழியே கணினியைத் தொடங்குக. முன்பு லினக்சை நிறுவிய அதே முறையில் தொடங்குதல் இன்றியமையாதது. ஆய்வேட்டையும் பிற கோப்புகளையும் முதலில் வெளித்தட்டிற்குப் படியெடுத்துக்கொள்க. பின்னர் லினக்சின் மூலப் பகுப்பை இணைத்து, அதனுள் புகுந்து, 'கிரப்-இன்ஸ்டால்' கட்டளையால் துவக்க நிரலை மீண்டும் எழுதுக. பழைய முறையில், பகுப்பின் பெயரைத் தராது முழுத்தட்டின் பெயரைத் தருதல் வேண்டும். இறுதியில் 'அப்டேட்-கிரப்' கட்டளை பட்டியலைப் புதுப்பிக்கும்.

லினக்சை நிறுவியபின் விண்டோஸ் மறைந்ததாயின் காரணம் வேறாகலாம். 2021இல் வெளியான கிரப் 2.06 முதல், பிற இயங்குதளங்களைத் தேடும் 'ஓ.எஸ். புரோபர்' இயல்பாகவே முடக்கி வைக்கப்பட்டுள்ளது. கிரப்பின் அமைப்புக் கோப்பில் அம்முடக்கத்தை நீக்கிப் பட்டியலைப் புதுப்பித்தால் விண்டோஸ் தோன்றும்.

ஒரு விலக்கும் உண்டு. நிறுவும்போது 'முழுத்தட்டையும் அழி' என்பதைத் தேர்ந்திருந்தால் மேற்கூறியவை பயன்தரா. அந்நிலையில் கணினியை உடனே நிறுத்தி, மீட்புப் பணி அறிந்தவரிடம் கொடுத்தலே தக்கது. பகுப்பட்டவணை மட்டும் சிதைந்திருப்பின், 'டெஸ்ட்டிஸ்க்' என்னும் கட்டற்ற மென்பொருள் பழைய எல்லைகளைத் தேடிக் காட்டவல்லது.

முடிவுரை

நம் முன்னோர் தமிழை அரபெழுத்தில் எழுதி, தமிழொலிகளுக்கெனப் புதிய குறிகளும் சேர்த்து, அரபுத்தமிழ் நூல்களைப் படைத்தனர். அவற்றுள் பல தமிழகத்திலும் இலங்கையிலும் இன்றும் உள்ளன. படிக்கத் தெரிந்தோர் குறைந்தமையால் அவை இல்லாதனபோல் ஆயின. பயனற்ற தாள் எனக் கருதி அவற்றை எறிந்துவிடுதல் எத்துணை இழப்போ, தெரியவில்லை என்பதற்காகத் தட்டைத் துடைத்தலும் அத்துணை இழப்பே. மாணவர்கள் இரண்டாம் இயங்குதளத்தை நிறுவுமுன் கோப்புகளைப் படியெடுத்து வைப்பதையும், விண்டோசை முதலிலும் லினக்சைப் பின்னரும் நிறுவுவதையும் வழக்கமாகக் கொள்வார்களாயின், இம்மீட்பு முறைக்கே பெரும்பாலும் தேவை எழாது.