மலாக்காவின் தங்கா பத்துவில் கறவை மாடு வைக்கப்போகும் தம்பிக்கு

1. ஊர்நாட்டுக் கணக்கை இங்கே கொண்டுவராதே. கடலோரம் தவிர்த்தால், தமிழ்நாட்டுச் சித்திரை வெயில் காய்ந்த வெயில். மாட்டின் மேல் தண்ணீர் ஊற்றினால் சட்டென்று ஆவியாகி உடம்பு குளிர்ந்துவிடும். நம்மிடம் பகலில் 32, 33 டிகிரிதான். ஆனால் காற்றெல்லாம் ஈரம். பகலில் ஏறிய சூட்டை மாடு இரவில்தான் இறக்கும். இங்கே இரவிலும் 23, 24 டிகிரிக்குக் கீழே போவது குறைவு. பாலைக் குடிப்பது வெயிலைவிடப் புழுக்கம்தான்.

2. கறுப்பு வெள்ளை ஃப்ரீசியனின் மடியைப் பார்த்து மயங்காதே. 25 டிகிரி தாண்டினாலே அதற்குச் சிரமம். ஃப்ரீசியனையும் சாஹிவாலையும் கலந்து கால்நடைத் துறை உருவாக்கிய மாஃப்ரிவால் தாங்கும். அந்தக் காலத்தில் தோட்டத்து லயத்துக்குப் பின்னால் நம்மவர்கள் கட்டிவைத்த நாட்டு மாடு இன்னும் நன்றாகத் தாங்கும், பால்தான் கொஞ்சம். முதல் மாடு தாங்குகிற மாடாக இருக்கட்டும்.

3. மத்தியானம் இரண்டு மணிக்குக் கொட்டகைக்குப் போ. விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் எண்ணு. நிழலில் நிற்கும் மாடு அறுபதுக்கு மேல் மூச்சு வாங்கினால் சூடு தாக்கிவிட்டது என்று அர்த்தம். படுக்காமல் நின்றுகொண்டே இருக்கும், வாயில் எச்சில் ஒழுகும். பால் அன்றே குறையாது. ஓரிரு நாள் கழித்துத்தான் குறையும். அதற்குள் தீவனக்காரரிடம் சண்டைக்குப் போய்விடாதே.

4. கூரை உயரமாக இருக்கட்டும். முகடு கிழக்கு மேற்காக ஓடினால் காலை, மாலை வெயில் பக்கவாட்டில் நுழையாது. தாழ்வான தகரக் கூரை போட்டு நாலு பக்கமும் அடைத்தவன் மாட்டை அவிக்கிறான். தண்ணீர் தெளித்தால் தோல்வரை நனைத்து, உடனே காத்தாடியைப் போடு. காற்றோட்டம் இல்லாமல் தெளித்துக்கொண்டே இருந்தால் புழுக்கம்தான் கூடும். நம் ஊரில் புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். குடிதண்ணீர்த் தொட்டி நிழலில் இருக்கட்டும். பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். வெயில் தொட்டியில் வெந்நீராகிவிட்டால் மாடு முகர்ந்துவிட்டுப் போய்விடும். குழாயை மட்டும் நம்பாதே. 1991இல் டுரியான் துங்கல் அணை வற்றி மலாக்காவே தண்ணீருக்குத் தவித்தது. கிணறு இல்லையென்றால் பெரிய டேங்க் வை.

5. தின்ற தீனி வயிற்றில் நொதிக்கும்போதும் சூடு கிளம்பும். ஆகவே செம்பனைக் கொட்டைப் பிண்ணாக்கை விடியற்காலையில் ஒரு பங்கு, பொழுது சாய்ந்தபின் ஒரு பங்கு வை. நேப்பியர் புல்லை இரவில் அள்ளிப் போடு. சூட்டில் மாடு முதலில் வெறுப்பது புல்லைத்தான்; புல் குறைந்தால் பாலில் கொழுப்பு குறையும், பால் சேகரிப்பு நிலையத்தில் விலையும் குறையும்.

6. அக்டோபர், நவம்பர் மழையில் புல் தளதளவென்று வரும். இளம்புல்லில் தண்ணீர்தான் அதிகம். அதை மட்டும் போட்டால் கழிச்சல். சேற்றில் படுத்தால் மடிநோய். தொண்டை அடைப்பான் ஊசியை மழைக்கு முன்னாலேயே போட்டுவிடு.

7. நம் வருஷத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. தைப்பூசப் பால்குடம், சன்னாசிமலைக் கோயில் மாசி மகம் என்று எல்லாரும் பால் கேட்கும் நேரத்தில்தான் மழை ஓய்ந்து மலாக்கா காயும். கன்று போட்டு ஆறு, எட்டு வாரத்தில் பால் உச்சத்துக்கு வரும். ஆகவே நவம்பர் கடைசியில் ஈன்ற மாடு தைப்பூசத்துக்குக் கைகொடுக்கும். வற்றுக் காலமும் மழையின் குளிர்ச்சியில் கழியும். சினைக்காலத்தில் வெந்த மாடு ஈன்றபின்னும் குறைவாகத்தான் கறக்கும். ஆனால் நவம்பரில் ஈனவேண்டுமென்றால் பிப்ரவரி நடுவில் சினை ஊசி போடவேண்டும். அந்த மாதச் சூட்டில் சினை தங்குவது கஷ்டம். விடியலிலும் அந்தியிலும் மாட்டைக் கவனி, அப்போதுதான் பருவ அறிகுறி தெரியும். ஊசி போட்டபின் ஒரு வாரம் மேய்ச்சலுக்கு விடாமல் காத்தாடிக்குக் கீழே கட்டு.