துரஹள்ளியில் கால் ஊன்றாமல்

கோயம்புத்தூர்

அன்புள்ள நிலாக்கண்ணு,

முழங்கைத் தையலைப் பிரித்துவிட்டார்கள் என்று உன் அம்மா போனில் சொன்னாள். கூடவே, "நீயாவது அந்தச் சைக்கிளை விற்கச் சொல்லுண்ணா" என்றும் கேட்டுக்கொண்டாள். நான் சொல்லப்போவதில்லை. ஆனால் நீ அனுப்பிய துரஹள்ளிக் காட்டுப்பாதைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முழங்கால் உயரக் கல், அதைத் தாண்டியதும் இடது பக்கத் திருப்பம். அங்கே வேகத்தால் விழுபவர்கள் குறைவு. வண்டி நின்றுபோய்த்தான் விழுவார்கள். உன் முன்சக்கரம் கல்லில் முட்டி நின்றிருக்கும், நீ கால் ஊன்றப் பார்த்திருப்பாய், ஊன்ற வேண்டிய இடத்தில் சரிவு இருந்திருக்கும். சரிதானே?

அல்சூரில் நாங்கள் குடியிருந்தபோது பொங்கலுக்கு ஸ்லோ சைக்கிள் ரேஸ் வைப்பார்கள். கடைசியாக வந்து சேர்பவனுக்குத்தான் பரிசு. கால் தரையில் பட்டால் அவுட். நான் ஒரு வருஷம் எவர்சில்வர் தூக்கு ஜெயித்தேன். அதை உன் பாட்டி ரொம்ப நாள் தயிர் வைக்கப் பயன்படுத்தினாள்.

அதே கால் ஊன்றாத விதியைப் பாறைமேல் கொண்டுபோய் வைத்தால் பைக் ட்ரையல்ஸ். 1970களில் ஸ்பெயினின் கேட்டலோனியாவில் பேரே பி என்ற மோட்டார் சைக்கிள் ட்ரையல்ஸ் வீரர், தன் மகன் ஓட் பிக்குச் சைக்கிளில் அந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தார். 'ட்ரையல்சின்' என்று பெயர். 'சின்' என்றால் ஸ்பானிய மொழியில் 'இல்லாமல்'. மோட்டார் இல்லாத ட்ரையல்ஸ். மகன் பின்னால் உலகச் சாம்பியன் ஆனான். ட்ரையல்ஸில் தேறிய ஹான்ஸ் ரே 1980களின் இறுதியில் அமெரிக்கா போய் மலைச் சைக்கிள்காரர்களுக்கு அதைக் காட்டினார். எடின்பரோ சைக்கிள் கடை மெக்கானிக் டேனி மெக்காஸ்கில் 2009-ல் ஒரே வீடியோவில் உலகப் புகழ் பெற்றார். அதைவிட அவருடைய 2014 படத்தைப் பார். மலைச் சைக்கிளோடு ஸ்கை தீவின் குல்லின் மலைமுகட்டில் போகிறார். எந்த இடத்தில் மெதுவாகிறார், எந்த விரல் பிரேக்கில் இருக்கிறது என்று மட்டும் கவனி.

நீ முதலில் கற்க வேண்டியது நிற்பது. லேசான ஏற்றத்தில் சீட்டை நன்றாக இறக்கிக்கொண்டு, எழுந்து நில். இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில், பலமான கால் முன்னே. முன்சக்கரத்தை அந்தக் கால் பக்கம் சற்றுத் திருப்பு. வண்டி பின்னால் வழுக்கப் பார்க்கும்போது பெடலை ஒரு சொட்டு மிதி. முன்னால் போனால் பிரேக்கைத் தொடு. பிரேக்குக்கு ஒரு விரல் போதும், மற்ற விரல்கள் ஹேண்டில்பாரைப் பிடிக்கட்டும். நான் நாலு விரலாலும் முன்பிரேக்கை அமுக்கித்தான் துரஹள்ளியிலேயே மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன்.

அப்புறம் முன்சக்கரத்தைத் தூக்குவது. கையால் இழுக்காதே. அரைச் சுற்று மிதித்துக்கொண்டே இடுப்பைப் பின்னால் தள்ளு, சக்கரம் தானாக எழும். அது கல்மேல் ஏறியதும் உடம்பை முன்னே கொண்டுவா, பின்சக்கரம் பாரமில்லாமல் தொடரும். கடைசியாக, இரண்டு பிரேக்கையும் பிடித்தபடி பக்கவாட்டில் ஒரு சாண் தாவுவது. உன் திருப்பத்தில் அந்த ஒரு சாண்தான் தேவைப்பட்டது.

இதையெல்லாம் உன் புது வண்டியில் பழகாதே. தாவுவதற்கு நீ கொடுக்கும் அழுத்தத்தை சஸ்பென்ஷனே விழுங்கிவிடும், எங்கே பிசகியது என்று உனக்குத் தெரியாது. உங்கள் அபார்ட்மென்ட் பின்பக்கம் நாலு செங்கலும் ஒரு மரப்பலகையும் போதும். வாட்ச்மேனிடம் முதலில் சொல்லிவிடு.

ஒரு எச்சரிக்கை. ட்ரையல்ஸ் பழகியவனுக்கு நிற்பதே ருசியாகிவிடும். சும்மா உருட்டிக்கொண்டு போயிருக்க வேண்டிய இடத்தில் நான் நின்று வித்தை காட்ட, பின்னால் வந்தவர்கள் திட்டியிருக்கிறார்கள். இறக்கத்தில் வேகமாகத் திரும்புவதை ட்ரையல்ஸ் கற்றுத்தராது; அதற்கு மலைப்பாதைதான் வாத்தியார்.

துரஹள்ளிப் பாறை காய்ந்திருக்கும்போது டயரை நன்றாகப் பிடிக்கும். மழை பெய்த மறுநாள் போகாதே. வழி சுலபமாகட்டும் என்று கல்லைப் புரட்டவும் செய்யாதே. 2021-ல் அங்கே மரப்பூங்கா வரப்போகிறது என்றதும், காடு காடாகவே இருக்கட்டும் என்று ஜனங்கள் திரண்டு நின்றார்கள். அந்த இடத்துக்குப் போகிறோம் என்ற நினைப்பு இருக்கட்டும்.

என் பழைய 26 இஞ்ச் வண்டியைச் சனிக்கிழமை பார்சல் லாரியில் ஏற்றிவிடுகிறேன். சஸ்பென்ஷன் கிடையாது, பெயின்டும் இல்லை. அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். வண்டி வந்ததும் முன்பிரேக் ஒயரை மாற்றிவிட்டு ஏறு. அது ரொம்பப் பழசு.

அன்புடன்,
மாமா