லேப்டாப்பைக் கழற்றும் முன் அக்கா சொல்வதைக் கேள்

லேப்டாப்பைப் போட்டால் தேதி பத்து வருடம் பின்னால் போய் நிற்கிறது. ஒவ்வொரு தடவையும் எஃப்1 அழுத்தச் சொல்கிறது. எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் 'பாதுகாப்பு இல்லை' என்று முரண்டு பிடிக்கிறது. நீ உடனே வைரஸ் என்று அலறுவாய், இல்லையென்றால் புது லேப்டாப்புக்குத் தவணை விசாரிப்பாய். இரண்டும் வேண்டாம். உள்ளே ஒரு ரூபாய் நாணயம் அளவில் சிமாஸ் பேட்டரி என்று ஒன்று இருக்கிறது. லேப்டாப் அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது தீர்ந்துவிட்டது, அவ்வளவே. (டாஸ் வந்த புதிதில் இருந்த கம்ப்யூட்டரில் இது கிடையாது. போட்டவுடன் தேதி என்ன, மணி என்ன என்று கேட்கும். நாம்தான் தட்ட வேண்டும்.)

1. அதுதானா என்று முதலில் உறுதி செய்துகொள். தேதியைச் சரியாக வைத்து அணைத்துவிடு. சார்ஜரைப் பிடுங்கு, பெரிய பேட்டரி கழற்ற வருமென்றால் அதையும் எடுத்துவிட்டு ராத்திரி முழுக்க விடு. காலையில் தேதி தப்பாக இருந்தால் இதே கேஸ்தான். நேரம் சரியாக ஐந்தரை மணி மட்டும் முன்னே பின்னே இருந்தால் பேட்டரியைத் தொடாதே. விண்டோஸும் லினக்ஸும் ஒரே லேப்டாப்பில் இருந்தால் இந்தக் கூத்து நடக்கும். அது செட்டிங்ஸில் தீரும் விஷயம்.

2. திறப்பதற்கு முன்னால் பயாஸுக்குள், அதாவது விண்டோஸுக்கு முன்னால் வரும் செட்டிங்ஸுக்குள் போய் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் போட்டோ எடு. லேப்டாப்பைப் போட்டவுடன் டெல்லில் எஃப்2, ஹெச்பியில் எஃப்10 அழுத்தினால் பெரும்பாலும் உள்ளே போகலாம். ஹார்டு டிஸ்க் எந்த மோடில் இருக்கிறது என்ற வரி ரொம்ப முக்கியம். நான் இதைச் செய்யாமல் பட்டேன். பேட்டரி மாற்றியதும் விண்டோஸ் நீலத் திரை காட்டியது. பதறிப்போய்க் கடைக்கு ஓடினேன். 'ஃபார்மேட் பண்ணணும்' என்றார்கள். வீட்டுக்குத் தூக்கி வந்து நிதானமாகப் பார்த்தால், அந்த ஒரு வரிதான் மாறியிருந்தது. டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருக்கிறாயா? அதன் 48 இலக்க ரெக்கவரி கீயையும் பேப்பரில் எழுதி வை. பிறகு கேட்கும்போது முழிக்காதே.

3. பழசைப் பார்க்காமல் புதுசு வாங்காதே. அதிகம் இருப்பது சிஆர்2032. 20 என்பது 20 மில்லிமீட்டர் அகலம், 32 என்பது 3.2 மில்லிமீட்டர் கனம். கடைக்காரர் 2025-ஐ நீட்டி 'இதுவும் அதேதான்' என்பார். வாங்காதே, கனம் குறைவு, சரியாகப் பிடிக்காது. எல்ஐஆர் என்று தொடங்குவதையும் தொடாதே, அதன் வோல்டேஜ் அதிகம். பழசின் மேல் எம்எல் அல்லது விஎல் என்று இருந்தால் அது சார்ஜ் ஏறும் ரகம், அதே ரகம்தான் வேண்டும். அந்த இடத்தில் சிஆர் போட்டால் போர்டு அதற்கும் சார்ஜ் ஏற்றப் பார்க்கும். வெடிக்கவும் கூடும்.

லேப்டாப்பில் பல சமயம் பேட்டரி மஞ்சள் அல்லது கறுப்பு உறைக்குள், சிவப்பும் கறுப்புமாக இரண்டு ஒயரோடு இருக்கும். உன் மாடல் நம்பர் சொல்லி ஒயரோடேயே வாங்கு. சிவப்பு எந்தப் பக்கம் என்று பழசோடு வைத்துப் பார், பிளக் ஒன்றாக இருந்தாலும் ஒயர் மாறியிருக்கலாம். வெறும் பேட்டரி வாங்கி அதன் மேல் நேராகச் சால்டர் வைக்கும் வீரம் வேண்டவே வேண்டாம்.

4. மாடல் நம்பரைப் போட்டு சர்வீஸ் மேனுவலைத் தேடு. டெல், லெனோவோ, ஹெச்பி எல்லாம் இலவசமாகவே தருகின்றன. அடியில் சின்னக் கதவைத் திறந்தால் போதுமா, கீபோர்டைத் தூக்க வேண்டுமா என்று அதில் தெரியும். மதர்போர்டையே கழற்றச் சொன்னால் கௌரவம் பார்க்காமல் கடைக்குக் கொண்டு போ. 'பேட்டரி மட்டும், ஃபார்மேட் கூடாது' என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நில். புது மெல்லிய லேப்டாப் சிலவற்றில் இந்தப் பேட்டரியே இருக்காது. இல்லாததைத் தேடிக் குடையாதே.

5. சார்ஜர், பெரிய பேட்டரி இரண்டையும் எடு. உள்ளேயே பொருத்தியிருந்தால் மூடியைத் திறந்ததும் முதல் வேலையாக அதன் பிளக்கைக் கழற்று. பிறகு பவர் பட்டனை 20 நொடி அழுத்திப் பிடி, மிச்சக் கரண்ட் போய்விடும்.

6. ஸ்க்ரூக்களை மேஜையில் கொட்டாதே! இட்லித் தட்டு எடுத்துக்கொள். எந்த மூலையில் கழற்றினாயோ அதற்கு ஒரு குழி. நீள ஸ்க்ரூவைக் குட்டை ஓட்டையில் முறுக்கினால் மேல் மூடி வீங்கிக்கொண்டு நிற்கும். மூடியை நெம்பக் கத்தி வேண்டாம், காலாவதியான ஏடிஎம் கார்டு போதும். கீபோர்டை வெடுக்கென்று தூக்காதே, அடியில் பட்டை ஒயர் இருக்கும். அதன் பூட்டை நகத்தால் நிமிர்த்திவிட்டு உருவு. அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது.

7. மாற்றுவது ஒரு நிமிட வேலைதான். ஒயர் ரகமென்றால் ஒயரை இழுக்காதே, பிளக்கின் பிளாஸ்டிக்கைப் பிடித்து இழு. ஒயரில்லாமல் தொட்டிக்குள் உட்காரும் ரகமென்றால் ஓரத்துக் கிளிப்பைத் தள்ளு, தானே எழும்பும். பழசு எப்படி இருந்ததோ அப்படியே புதுசை வை. எழுத்துள்ள பக்கம்தான் பிளஸ், பெரும்பாலும் மேலே பார்த்திருக்கும்.

8. மூடியதும் பயாஸில் தேதியை வை, போட்டோவைப் பார்த்து மற்றதையும் சரிசெய். விண்டோஸை அதற்கு அப்புறம்தான் திற.

9. பழசை மேஜையிலேயே விட்டிருப்பாய், எனக்குத் தெரியும். வீட்டில் குழந்தை இருக்கிறதா? தீர்ந்துபோன பேட்டரிதானே என்று நினைக்காதே. தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்தில் உள்ளே வெந்துவிடும். விழுங்கிவிட்டதோ என்று சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடு. இப்போது எழுந்து போய் அதன் இரண்டு பக்கமும் செல்லோ டேப் ஒட்டி, கைக்கு எட்டாத டப்பாவில் போட்டு வை. அடுத்த தடவை இ-வேஸ்ட் எடுப்பவரிடம் கொடு, சமையலறைக் குப்பையில் போடாதே.