கேழ்வரகு முளைக்கும் குடில்

கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா முடியாமல் எங்கள் வீட்டு முகப்பில் நட்சத்திரம் ஏறாது. டிசம்பர் 3 சவேரியாரின் நாள். குமரி மாவட்டத்துக்கே அன்று உள்ளூர் விடுமுறை. கூட்டமும் திருவிழாக் கடைகளும் ஓய்ந்த மறுநாள் காலையில்தான் பரணிலிருந்து குடில் பெட்டி இறங்கும். இப்போதெல்லாம் நவம்பர் பாதியிலேயே கடைகளில் நட்சத்திரங்கள் தொங்கத் தொடங்கிவிடுகின்றன. பார்க்கும்போது கை பரபரக்கத்தான் செய்கிறது. ஆனாலும் என் மாமியார் வகுத்த இந்த ஒழுங்கை நான் மாற்றுவதில்லை. ஒரு முறை மாற்றிப் பார்த்து, அதன் பலனையும் கண்டிருக்கிறேன்.

கல்யாணமாகிக் குளச்சலிலிருந்து இங்கே வந்த முதல் வருடம் அது. குடிலைச் சுற்றிப் பசும்புல் வேண்டும் என்று நவம்பர் கடைசியிலேயே தட்டில் கேழ்வரகு விதைத்துவிட்டேன். பத்தே நாளில் நெருக்கமாக வளர்ந்து, பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். அடுத்த பத்து நாளில் பழுத்துச் சாய்ந்துவிட்டது. பண்டிகையன்று தொழுவத்தைச் சுற்றி மஞ்சள் தாள்கள்தான் கிடந்தன. அதே அவசரத்தில் குழந்தை இயேசுவின் சுரூபத்தையும் முதல் நாளே தீவனத் தொட்டியில் படுக்க வைத்திருந்தேன். மாமி ஒன்றும் கோபப்படவில்லை. சுரூபத்தை எடுத்துப் பஞ்சில் பொதிந்து அலமாரியில் வைத்தார். “மக்கா, பிள்ளை இன்னும் பொறக்கல்லியே. இருவத்தி நாலு ராத்திரி வரைக்கும் தொட்டி காலியாத்தான் கெடக்கணும்” என்றார்.

பண்டிகைக்கு வீட்டை அலங்கரிப்பதைப் பற்றி நான் கற்றது அந்த ஒரு பேச்சிலிருந்துதான் தொடங்குகிறது. கிறிஸ்துமசுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைத் திருவருகைக் காலம் என்கிறோம். அது காத்திருக்கும் காலம். வீட்டு அலங்காரமும் அதற்கேற்ப நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி வர வேண்டும். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எல்லாவற்றையும் மாட்டி முடித்த வீட்டில் மூன்றாம் நாள் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. தினம் ஒன்று மாறுகிற குடிலைப் பார்க்கப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு ஓடி வருவார்கள்.

எங்கள் குடிலில் டிசம்பர் 4 அன்று வெறும் கொட்டகையும் மாடும் கழுதையும் மட்டும்தான் இருக்கும். இரண்டாவது வாரம் இடையர்களும் ஆடுகளும் வருவார்கள். மாதாவும் சூசையப்பரும் கூடத்தின் எதிர்ச் சுவரோரம், புத்தக அலமாரியிலிருந்து புறப்படுவார்கள். இரவு செபம் முடிந்ததும் வீட்டின் சின்னப் பிள்ளை அவர்களை ஒரு சாண் நகர்த்தி வைக்க வேண்டும். மூன்று ராஜாக்கள் இன்னும் தூரத்தில், சமையலறை ஜன்னலில் ஒட்டகங்களோடு காத்திருப்பார்கள். அவர்கள் வந்து சேர வேண்டிய நாள் ஜனவரி 6. இதற்குக் காசு எதுவும் செலவில்லை.

குடில் வைக்கும் வழக்கம் 1223இல் இத்தாலியின் கிரேச்சோ என்ற மலையூரில் அசிசி பிரான்சிஸ் அமைத்ததிலிருந்து பரவியதாகச் சொல்வார்கள். அவர் நிறுத்தியது உயிருள்ள மாடு, உயிருள்ள கழுதை. அதனாலோ என்னவோ, பிளாஸ்டிக் புல்விரிப்பு என் மனதுக்கு ஒட்டவே இல்லை. மலைக்குப் பழுப்புத் தாளை நன்றாகக் கசக்கி, நீர்த்த மைதாப் பசையில் தோய்த்து, செங்கல்மேல் போர்த்திக் காயவிட்டு, மேலே காவிமண் கரைசலைத் தொட்டுத் தொட்டுப் பூசினால் போதும். கூரைக்குப் பழைய முடைந்த ஓலைத் துண்டு ஒன்று இருந்தால் அதைவிட அழகு வேறில்லை. கிடைக்காவிட்டால் ஈர்க்குகளை நெருக்கிக் கட்டலாம்.

இனி புல். டிசம்பர் 14 இரவு ஒரு பிடி கேழ்வரகை ஊற வையுங்கள். (ஹங்கேரியிலும் குரோவேசியாவிலும் டிசம்பர் 13, புனித லூசியாவின் நாளில் தட்டில் கோதுமை விதைக்கிறார்கள். அங்கே யாரோ ஒரு மாமியும் நம்மைப் போலவே கணக்கிட்டிருக்கிறார்.) அடியில் துளையிட்ட தட்டில் இரண்டு விரல் ஆழத்துக்கு மண்ணும் தேங்காய் நார்த்தூளும் கலந்து பரப்பி, ஊறிய விதையை இடைவெளி தெரியாதபடி தூவி, ஈரத் துணியால் மூடி இருட்டில் வையுங்கள். இரண்டு மூன்று நாளில் முளை தலைகாட்டும். அப்போது துணியை எடுத்துத் திண்ணை வெளிச்சத்துக்குக் கொண்டுபோக வேண்டும். தண்ணீரை ஊற்றக் கூடாது; விரலால் தெளிக்க வேண்டும். டிசம்பரில் நமக்கு மழை இன்னும் விட்டிருக்காது. காற்றே ஈரமாக இருக்கும் நாட்களில் ஒரு வேளை தெளித்தால் போதும். கூடினால் வேரில் பூஞ்சணம் பிடிக்கும். கோதுமை தடித்து உயரமாக வளர்ந்து ஆடுகளை மறைத்துவிடும். கேழ்வரகின் தாள்தான் மெல்லியது, குடிலின் அளவுக்குப் பொருந்துவது. 24ஆம் தேதி இரண்டு மூன்று விரற்கடை உயரத்தில், பார்க்கவே குளிர்ச்சியாக நிற்கும்.

நட்சத்திரம் என் அப்பா கற்றுத் தந்தது. மூங்கில் சிம்புகளால் ஒரே அளவில் இரண்டு ஐந்துமுனைச் சட்டங்கள் செய்து, முனைகளைச் சேர்த்துக் கட்டி, நடுவில் சிறு குச்சிகளைக் கொடுத்து விரித்தால் வயிறு வைத்த நட்சத்திரம் கிடைக்கும். மேலே வண்ணத்தாள். மைதாப் பசை காய்ச்சும்போது துளி மயில்துத்தம் சேர்த்தால் பூச்சி அரிக்காது. அது விஷம், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சமையல் பாத்திரத்தில் காய்ச்சவும் வேண்டாம். இறவாரத்துக்கு உள்ளே தொங்கவிட்டால் மழையில் தாள் கிழியாது. ஒரு முறை செய்த சட்டம் எங்களுக்குப் பல வருடம் உழைக்கிறது. தாளை மட்டும் மாற்றுகிறோம்.

விளக்கு விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஒரு வருடம் பழைய சீரியல் பல்பு மாலையை வைக்கோலுக்குள் புதைத்து ஒளித்து வைத்திருந்தோம். நள்ளிரவில் கருகல் வாடை வந்து எழுந்து பார்த்தால் கொட்டகையின் ஒரு மூலை கறுத்திருந்தது. நல்லவேளை, அதோடு போயிற்று. அன்றிலிருந்து எல்.இ.டி. மாலை மட்டும்தான், அதுவும் ஓலைக்கு வெளியே. படுக்கப் போகுமுன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். மெழுகுவத்தியைக் குடிலுக்குள் வைக்கவே கூடாது. முன்னால் தண்ணீர்த் தட்டில் நிறுத்துங்கள்.

எல்லா வருடமும் நாங்கள் இப்படி அலங்கரித்ததில்லை. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் சாப்பிட்ட பண்டிகைச் சோற்றின் மணம் வீட்டைவிட்டுப் போவதற்குள் கடல் வந்து குளச்சலில் எத்தனையோ குடும்பங்களைக் கொண்டுபோயிற்று. 2017இல் நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல். கடலுக்குப் போனவர்களுக்காகக் காத்திருந்த கடற்கரை ஊர்களில் அந்த டிசம்பரில் நட்சத்திரம் ஏற்ற யாருக்கும் மனமில்லை. நாங்களும் வெள்ளைத் தாள் ஒட்டிய ஒரே ஒரு நட்சத்திரத்தோடு நிறுத்திக்கொண்டோம், பலகாரம் சுடவில்லை. அக்கம்பக்கத்தில் துக்கம் இருக்கும்போது அலங்காரத்தைக் குறைத்துக்கொள்வதும் பண்டிகையின் முறைதான் என்று பிள்ளைகளுக்கு அப்போது சொன்னேன். இப்போதும் 26ஆம் தேதி காலையில் குடிலின் முன்னால் ஒரு மெழுகுவத்தி கூடுதலாக எரியும்.

சமையலுக்கும் மாமியின் கணக்குத்தான்: நாள்பட நிற்பது முதலில், சீக்கிரம் கெடுவது கடைசியில். முதலில் முந்திரிக்கொத்து. வெளியூர்த் தோழிகள் இதைத் தின்றுவிட்டு முந்திரிப்பருப்பு எங்கே என்று தேடுவார்கள். இது கொடிமுந்திரி, அதாவது திராட்சை. மூன்று உருண்டைகள் ஒட்டிக்கொண்டு திராட்சைக் கொத்துபோல இருப்பதால் வந்த பெயர்.

டிசம்பர் 17 அல்லது 18இல் தொடங்குவேன். ஒரு கிலோ சிறுபயறைச் சிறிது சிறிதாக, இளந்தீயில், வாசம் எழும்பிச் சிவக்கும்வரை வறுக்க வேண்டும். ஒரேயடியாகக் கொட்டினால் பாதி கருகும், பாதி பச்சையாக இருக்கும். ஆறியதும் உடைத்து, சுளகில் புடைத்துத் தோலை நீக்கி, ரவைக்குச் சற்றுக் கீழான பதத்தில் திரித்துக்கொள்வேன். மாவுபோல நைத்துவிட்டால் கடிக்கும்போது பல்லுக்கு ஒன்றும் அகப்படாது. இரண்டு தேங்காயைத் துருவி ஈரம் துளியும் இல்லாமல் செம்பழுப்பாக வறுக்க வேண்டும். முந்திரிக்கொத்து சிக்கு வாடை அடிப்பது பெரும்பாலும் இந்தத் தேங்காயால்தான். நூறு கிராம் எள், ஏலம், சுக்கு. முக்கால் கிலோவுக்குச் சற்று மேலாக வெல்லமோ கருப்பட்டியோ. கருப்பட்டி போட்டால் நிறம் கறுக்கும், ருசி ஒரு படி மேலே. பாகு விரலில் ஒட்டி ஒரு கம்பி இழுத்ததும் மாவில் ஊற்றிக் கிளறி, சூடு ஆறுமுன் நெல்லிக்காய் அளவில் உருட்டிவிட வேண்டும். இதற்குத்தான் கூட்டம் வேண்டும். நாத்தனார், ஓரகத்தி, பக்கத்து வீட்டு அக்கா என்று நாலைந்து பேர் சம்மணமிட்டு உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் முடியும். தனியாளாக உருட்டினால் பாதியிலேயே மாவு இறுகிவிடும். உருண்டைகளை ஓர் இரவு காயவிட்டு, மறுநாள் பச்சரிசி மாவில் மஞ்சளும் உப்பும் சேர்த்துத் தோசைமாவைவிடக் கெட்டியாகக் கரைத்து, மும்மூன்றாக முக்கிப் பொரிக்கலாம். மாவு நீர்த்திருந்தால் உருண்டை வாய் பிளந்து வெல்லம் எண்ணெயில் கருகிவிடும். அப்புறம் அந்த எண்ணெய் எதற்கும் உதவாது. நன்றாக ஆறவிட்டு டின்னில் அடைத்தால் ராஜாக்கள் வரும்வரை இருக்கும்.

அச்சு முறுக்கு 21ஆம் தேதிக்கு. பச்சரிசி மாவு, தேங்காய்ப்பால், முட்டை, சீனி, எள். புது அச்சை ஓர் இரவு கஞ்சித் தண்ணீரில் போட்டு வைத்துத் துடைத்து எண்ணெயில் ஊறவிடுங்கள். அச்சு எண்ணெயிலேயே சூடாக வேண்டும். மாவில் முக்கும்போது முக்கால் பாகம்தான் மூழ்க வேண்டும். விளிம்பு தாண்டி மாவு ஏறினால் முறுக்கு கழன்று வராது. சீனி கூடினாலும் ஒட்டும்.

இதில் ஒரு முக்கியமான காரியம் உண்டு. கிறிஸ்துமஸ் எப்போதும் மார்கழியில் வருகிறது. எங்கள் தெருவில் சபரிமலைக்கு மாலை போட்டவர்களும் மார்கழி முழுக்கச் சைவமாக இருக்கிறவர்களும் இருப்பார்கள். அதனால் முதலில் முட்டை சேர்க்காத மாவில், புது எண்ணெயில் அவர்களுக்கான முறுக்கைச் சுட்டுத் தனி டின்னில் வைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்கு முட்டை உடைப்பேன். தட்டைக் கொடுக்கும்போது, “இதுல முட்டை இல்லக்கா” என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். தீபாவளிக்கு அதிரசம் தந்த வீடுகள் அவை. அவர்கள் நமக்குப் பார்த்துப் பார்த்துச் செய்கிறார்கள். நாமும் அப்படிச் செய்ய வேண்டும்.

கேக்கை நான் கடையில்தான் வாங்குகிறேன். பேக்கரிக்காரர்கள் நம்மைவிட நன்றாகச் செய்கிறார்கள்.

24ஆம் தேதி எண்ணெய்ச்சட்டி அடுப்பில் ஏறக் கூடாது. அன்றைக்கு இரண்டே வேலை. மத்தியானம் இறைச்சி வாங்கிவிட வேண்டும். மறுநாள் காலை வரிசையில் நிற்க முடியாது. தேங்காய், கொத்தமல்லி, வற்றல், மிளகு, சோம்பு, சின்ன வெங்காயம் எல்லாவற்றையும் தேங்காய் எண்ணெயில் கருஞ்சிவப்பாக வறுத்து அரைத்துக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டால் வறுத்தரைச்ச கறிக்கு முக்கால் வேலை முடிந்தது. அடுத்தது ஆப்ப மாவு. ரவைபோல உடைந்த அரிசியில் கப்பி காய்ச்சி, ஆறவைத்து, அரைத்த மாவோடும் தேங்காயோடும் சேர்க்க வேண்டும். அந்தக் காலத்தில் கள் ஊற்றிப் புளிக்க வைத்தார்கள். இப்போது ஒரு சிட்டிகை ஈஸ்ட். அல்லது முந்தின நாளே சீனி போட்டுப் புளிக்க வைத்த தேங்காய்த் தண்ணீர். டிசம்பர் குளிரில் மாவு மெதுவாகத்தான் எழும்பும். சாயங்காலமே கரைத்து, இரவு பூசைக்குக் கிளம்புமுன் அணைத்த அடுப்பின் அருகே வைத்துவிட்டுப் போவேன்.

பூசை முடிந்து வீடு திரும்பும்போது இரவு இரண்டு மணி ஆகியிருக்கும். தோளில் தூங்கி வந்த சின்னவளை எழுப்பி, பஞ்சுப் பொதியை அவள் கையில் கொடுப்போம். இருபது நாள் காலியாகக் கிடந்த தொட்டியில் அவள்தான் குழந்தையைப் படுக்க வைக்க வேண்டும். சுற்றிலும் கேழ்வரகுப் புல் நிற்கும். யாரும் சொல்லாமலே வீடு அமைதியாகிவிடும். பிறகு எல்லோருக்கும் சுக்குக் காப்பி, ஆளுக்கொரு முந்திரிக்கொத்து.

மாமி போய் ஆறு வருடமாகிறது. ஜனவரி 6 முடிந்ததும் சுரூபங்களைப் பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து, புல்லை வேரோடு அள்ளிப் பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போடுகிறேன். அவரும் அப்படித்தான் செய்வார். உங்கள் வீட்டில் இதுவரை செய்ததில்லை என்றால் இந்த வருடம் மற்றதெல்லாம் இருக்கட்டும். ஒரு தட்டும் ஒரு பிடி கேழ்வரகும் எடுத்து வையுங்கள். விதைக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள்.