பிழை ஒன்று, சொல் பல
சொற்பாடம்: குற்றம், குறை, பழி குறித்த ஆங்கிலச் சொற்களும் அவற்றின் செக் மொழிபெயர்ப்பும்



எமது பேச்சுத் தமிழில் "பிழை" என்பது பெரியதொரு சாக்கு. கணக்கின் விடை மாறினாலும் பிழை. மோட்டார் நின்றுபோனாலும் பிழை. பிள்ளை பொய் சொன்னாலும் பிழை. வேறொருவர் வீட்டுத் தொலைபேசிக்கு எடுத்துவிட்டாலும் பிழை. றோட்டில் இரு வாகனங்கள் மோதினால் "ஆற்றை பிழை?" என்றே முதலில் கேட்கிறோம். எமக்குள் பேசும்வரை இதனால் இடரேதும் இல்லை. கேட்பவர் குறிப்பறிந்து கொள்வார்.

புலம்பெயர்ந்த நாட்டில் நிலைமை வேறு. இங்கு எமது பேச்சு பல வேளைகளில் மொழிபெயர்க்கப்பட்டே அடுத்தவர் காதை அடைகின்றது. எம்மவர் வாகனத்தில் பிராக் நகருக்குச் சென்று வருவதுண்டு. படிப்புக்கும் தொழிலுக்குமாகச் செக் குடியரசுக்குச் செல்வோரும் உளர். அங்கே ஒரு இடர் நேர்ந்தால், தமிழில் நினைத்ததை ஆங்கிலத்தில் சொல்வோம். ஆங்கிலத்தில் சொன்னது செக் மொழியில் எழுதப்படும். இரண்டு பாலங்களைக் கடக்கும்போது "பிழை" என்ற சாக்கினுள் இருந்து எந்தச் சொல் வெளியே விழும் என்பதை நாம் முன்கூட்டியே அறிந்திருத்தல் நன்று.

ஆகவே இவ்விதழில் ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து, அவற்றுக்குச் செக் மொழி கொடுக்கும் சொற்களைப் பார்ப்போம். செக் சொற்களில் எப்போதும் முதல் அசையையே அழுத்தி உச்சரிக்க வேண்டும் என்பதை நினைவிற் கொள்க.

1. "ஃபோல்ற்": பொருளில் உள்ள குறை

இந்த ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கு அதன் பொருள் குறைவு, இல்லாமை என்பதாகும். தமிழில் "குறை" என்ற சொல்லும் இதே வழியில் வந்ததே. ஒன்று குறைந்திருப்பதும் குறை; ஒன்றில் பழுதிருப்பதும் குறை.

செக் மொழி இதனைப் பிரித்துச் சொல்லும். ஒரு பொருளோடு கூடவே வந்த பழுது "வட" எனப்படும். கடையில் வாங்கிய புதிய சலவை யந்திரத்தின் கதவு சரியாகப் பூட்டவில்லை என்றால் அது வட. பிறவியிலேயே இதயத்தில் உள்ள குறைபாட்டுக்கும், பேச்சுக் குறைபாட்டுக்கும் இச்சொல்லே. ஓடிக்கொண்டிருந்த யந்திரத்தில் இடையில் ஏற்பட்ட கோளாறு "ஸாவட". முற்றாக நின்றுபோனால் "பொருஹ". நிலநூலார் ஃபோல்ற் என்று கூறும் பாறைப் பிளவுக்கோ முற்றிலும் வேறான "ஸ்லொம்" என்ற சொல் உண்டு.

இச்சொற்கள் எவற்றிலும் மனிதர் மேல் குற்றம் இல்லை என்பதைக் கவனிக்க.

2. "மிஸ்ரேக்", "எரர்": செய்கையில் நேர்ந்த தவறு

இதற்கு அன்றாடச் செக் சொல் "ஹிப". முதல் எழுத்தைத் தொண்டையில் சற்று உரசி ஒலிக்க வேண்டும். பள்ளிக்கூடக் கொப்பியில் ஆசிரியர் சிவப்பு மையால் குறிப்பதும் ஹிப; கணினி காட்டும் எரரும் ஹிப. ரென்னிஸ் விளையாட்டில் ஃபோல்ற் என்பதும் ஹிபவே. இரு முறை தவறினால் "ட்வொய்ஹிப". இதன் உறவான வினைச்சொல் "ஹிபியெட்" என்பது. அதன் பொருள் இல்லாதிருத்தல், குறைந்திருத்தல். ஆக ஆங்கிலம், தமிழ், செக் ஆகிய மூன்றும் தவறு என்பதைக் குறைவு என்ற ஒரே எண்ணத்தோடு முடிந்து வைத்திருக்கின்றன.

ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிடுவது "ஒமில்". தொலைபேசியில் இலக்கம் மாறிவிட்டால் செக் மக்கள் "ஒமில்" என்று சொல்லி வைத்துவிடுவர்.

3. "கில்ற்", "பிளேம்": ஆள் மேல் விழும் குற்றமும் பழியும்

இங்கேதான் எச்சரிக்கை தேவை. கில்ற், பிளேம் ஆகிய இரண்டுக்கும், "மை ஃபோல்ற்" என்பதில் உள்ள ஃபோல்ற்றுக்கும் செக் மொழி பெரும்பாலும் தருவது ஒரே சொல்: "வின". எமது "வினை" போல் ஒலித்தாலும் இது தற்செயலான ஒலி ஒற்றுமையே; உறவு தேட வேண்டாம்.

நீதிமன்றம் ஒருவரைக் குற்றவாளி எனத் தீர்ப்பதும் இச்சொல்லின் குடும்பத்தைக் கொண்டே. "நெவின" என்றால் குற்றமின்மை. குற்றம் நிரூபிக்கப்படும்வரை ஒருவர் நிரபராதி என்ற கோட்பாட்டிலும் இச்சொல்லே வரும்.

பிளேம் என்பது கிரேக்க மொழியில் தோன்றி, இலத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். தெய்வ நிந்தனையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அதே வேரிலிருந்து பிறந்தது. அதாவது பிளேம் என்பது ஆதியில் நடந்த செயலைக் குறித்ததன்று. ஒருவரைப் பற்றி இன்னொருவர் பேசிய பேச்சைக் குறித்தது. எமது "பழி" என்ற சொல்லும் அவ்வாறே. பழித்தல் வாயால் நடப்பது.

செக் மொழியில் ஒருவரைக் குறை சொல்வது "வினிட்". அதன் முன் ஓர் ஒட்டுச் சேர்ந்து "ஒப்வினிட்" ஆகும்போது குற்றஞ்சாட்டுதல் என்ற கனம் கூடிவிடும். "ஒப்வின்யெனீ" என்பவர் குற்றவியல் வழக்கில் முறைப்படி குற்றஞ்சாட்டப்பட்டவர். "அவர் என்னைக் குறை சொல்கிறார்" என்ற சாதாரண முறைப்பாடு மொழிபெயர்ப்பில் எவ்வளவு தூரம் போய்விடக் கூடும் என்று பாருங்கள்.

இன்னொன்று. தமிழில் பழியைச் சுமத்துகிறோம். ஆங்கிலத்தில் அதனை ஒருவர் மேல் வைக்கிறார்கள். செக் மொழியில் அதனை ஒருவர் மேல் உருட்டி விடுகிறார்கள். மூன்று மொழியிலும் பழி ஒரு பாரம். குறை இருந்த இடத்திலேயே இருக்கும். பழியைத்தான் ஆளுக்காள் மாற்ற முடியும்.

4. "லயபிலிற்றி": கணக்காளரின் சொல்

இச்சொல் ஆங்கிலத்தில் இரு வேலை செய்கிறது. ஐந்தொகையில் அது கொடுக்க வேண்டிய கடன்களைக் குறிக்கும்; சட்டத்தில் ஒருவர் ஈடு செய்யக் கடமைப்பட்டிருப்பதைக் குறிக்கும். எமது பாடநூல்களிலும் "சொத்துக்கள், பொறுப்புக்கள்" என்றே கற்றோம். செக் மொழி இவ்விரண்டையும் பிரித்து வைத்துள்ளது. கணக்கேட்டில் வருவது "ஸாவஸெக்". சட்டப் பொறுப்பு "ஒட்பொவ்யெட்னொஸ்ற்". வெறும் கடனுக்கு "ட்லுஹ்". அயல்மொழியான ஜேர்மனிலோ "ஷுல்ட்" என்ற ஒரே சொல் கடனையும் குற்றத்தையும் சேர்த்தே குறிக்கும்.

ஒட்பொவ்யெட்னொஸ்ற் என்பது "விடை" என்று பொருள்படும் செக் சொல்லிலிருந்து பிறந்தது. ஆங்கில "ரெஸ்பொன்சிபிலிற்றி"யும் பதில் சொல்லுதலிலிருந்தே வந்தது. தமிழில் "பொறுப்பு" பொறுத்தலிலிருந்து வந்தது. அவர்கள் "பதில் சொல்பவர் யார்?" என்று கேட்கிறார்கள். நாம் "தாங்குபவர் யார்?" என்று கேட்கிறோம்.

பொறுப்பு வேறு, குற்றம் வேறு. பெற்றோர் பிள்ளை உடைத்த கண்ணாடிக்குப் பணம் கட்டலாம். அதனால் அவர்கள் குற்றவாளிகள் ஆகார்.

5. மனம் என்ன நினைத்தது?

சட்டத்தில் இன்னொரு சொல் உண்டு: "ஸவின்யெனீ". செய்தவரின் மனநிலையைப் பார்த்து அளக்கும் குற்றம் இது. 2010 முதல் நடைமுறையில் உள்ள செக் குற்றவியல் சட்டக்கோவை இதனை இரண்டாகப் பிரிக்கிறது: வேண்டுமென்று செய்த "ஊமிஸ்ல்", கவனக்குறைவான "நெட்பலொஸ்ற்". ஒவ்வொன்றிலும் இரு வகை உண்டு. சட்டக் கடமையை மீறிப் பிறருக்குச் சேதம் விளைவித்தவர் கவனக்குறைவாக இருந்தார் என்றே 2014 முதல் நடைமுறையில் உள்ள செக் குடியியல் சட்டக்கோவை அனுமானிக்கிறது. அப்படியன்று எனக் காட்டுவது அவர் பாடு.

கணக்காய்விலும் இதே பிரிவுதான். சர்வதேசக் கணக்காய்வு நியமம் 240 வழுவையும் மோசடியையும் வேறுபடுத்துவது ஒரே ஒரு வினாவினால்: வேண்டுமென்று செய்ததா, இல்லையா?

6. றோட்டில் என்ன சொல்வது?

விபத்து நடந்தவுடன் எம்மவர் மரியாதைக்காக "என்ரை பிழைதான் ஐயா, கொஞ்சம் பொறுத்து வந்திருக்கலாம்" என்று சொல்லக் கூடும். ஆங்கிலத்தில் அது "மை ஃபோல்ற்" ஆகும். செக் மொழியில் "மொயெ வின" என்று எழுதப்படும். பணிவாகச் சொன்னது குற்ற ஒப்புதலாக மாறிவிடும்.

வருத்தம் தெரிவிக்க வேறு சொற்கள் உண்டு. "ப்ரொமிஞ்தெ" என்றால் மன்னியுங்கள். "யெ மி தொ லீதொ" என்றால் வருந்துகிறேன். இவற்றில் வின என்ற சொல் இல்லை. உண்மையில் உங்களால் நேரவில்லை என்றால் "ஸ தொ நெமூஷு" என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் "அதற்கு என்னால் முடியாது" என்று வரும். பொருள் "அது என்னால் வந்ததல்ல" என்பதே. "யாரால் வந்தது?" என்று கேட்பதற்கு "க்டொ ஸ தொ மூஷெ?"

ஐரோப்பியக் காப்புறுதி நிறுவனங்கள் தரும் பொது விபத்துப் படிவத்தை வாகனத்தில் வைத்திருங்கள். மொழி மாறினாலும் கட்டங்களின் ஒழுங்கு ஒன்றே. அதில் ஒப்பமிடுவது பொறுப்பை ஏற்பதாகாது என்று படிவத்திலேயே அச்சிடப்பட்டுள்ளது. நடந்ததை எழுதுங்கள், தீர்ப்பை எழுத வேண்டாம்.

இதனைப் பொய் சொல்வதற்கான வழி என யாரும் எண்ணற்க. செய்ததை மறைப்பது வேறு. செய்யாததையும் சேர்த்து ஒப்புக்கொள்வது வேறு. இரண்டும் உண்மைக்குப் புறம்பானவையே.

7. எமது கூட்டங்களுக்கும் இது பொருந்தும்

சங்கங்களின் வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் பரீட்சை மீதி சமப்படாவிட்டால் என்ன நடக்கிறது? ஐம்பது பவுணோ யூரோவோ டொலரோ இடிக்கும். இது முதலில் ஒரு ஹிப. பற்றுச்சீட்டு ஒன்று ஒரு பக்கத்தில் மட்டும் பதியப்பட்ட வழுவாக இருக்கலாம். ஆனால் பத்து நிமிடத்தில் அது வின ஆகித் தனாதிகாரியின் தலையில் உருட்டி விடப்படுகிறது. அடுத்த வருடம் அப்பதவிக்கு ஆள் கிடைப்பதில்லை. வீட்டிலும் அப்படியே. பிள்ளையின் கணக்குக் கொப்பியில் உள்ளது ஹிப. அதற்காகப் பிள்ளையை வின உள்ளவனாக நடத்தினால், அடுத்த முறை கொப்பியையே ஒளித்து வைப்பான்.

முதலில் என்ன குறை என்று பாருங்கள். பின்பு எப்படி நேர்ந்தது என்று பாருங்கள். பின்பு யார் பொறுப்பேற்றுத் திருத்துவது என்று தீர்மானியுங்கள். பழிக்கு இடம் இருந்தால் அது கடைசியில் வரட்டும்.

பயிற்சி

பிள்ளைகள் கீழ்வருவனவற்றுக்கு ஏற்ற செக் சொல்லைத் தெரிவு செய்க.

1. புதிய சப்பாத்தின் அடி, வாங்கும்போதே பிளந்திருந்தது.
2. எழுத்துக்கூட்டலில் ஓர் எழுத்து மாறிவிட்டது.
3. தொலைபேசியில் இலக்கம் மாறிவிட்டது.
4. நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட வேண்டியது.
5. ஐந்தொகையில் வங்கிக்குக் கொடுக்க வேண்டிய பணம்.
6. ரயில் பிந்தியதால் நாங்கள் பிந்தினோம்; எங்களால் வந்ததல்ல.

விடைகள்: 1. வட. 2. ஹிப. 3. ஒமில். 4. வின. 5. ஸாவஸெக். 6. "ஸ தொ நெமூஷெமெ". பன்மையில் இவ்வாறு வரும்.

பெற்றோர் ஒரு வாரத்துக்கு வீட்டில் "பிழை" என்ற சொல்லை விடுத்து, குறை, வழு, கோளாறு, குற்றம், பழி, பொறுப்பு என்ற ஆறில் பொருத்தமானதைத் தேர்ந்து பேசிப் பாருங்கள். தமிழில் பிரித்துச் சொல்லப் பழகிய பிள்ளைக்கு மற்ற மொழிகளிலும் சரியான சொல் எளிதாக வரும்.